தையலுக்கு முன் தட்டைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் பூனை பஞ்சுவுக்கு நான்கு வயது, எடை 3.2 கிலோ. போன வாரம் மூன்று நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தாள். வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. செரிமானக் கோளாறு என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். நான்காம் நாள் அவளால் நிற்கவே முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பை முழுக்கச் சீழ் என்று சொல்லி, அப்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கீழே சின்னக் கட்டி போலத் தட்டுப்படுகிறது. பின்பக்கம் இளஞ்சிவப்பாக இரண்டு சொட்டு பார்த்தேன். மாத்திரையை நுரையோடு துப்புகிறாள். கட்டிலுக்கடியை விட்டு வருவதில்லை, நேற்றிலிருந்து இரண்டு ஸ்பூன்தான் சாப்பிட்டாள். அவள் பெற்ற மகள் மணியே அவளைப் பார்த்துச் சீறுகிறாள். இன்னொன்றும் கேட்க வேண்டும். பருவத்துக்கு வராமல் இருக்க இரண்டு வருடமாக இருவருக்கும் ஊசி போட்டு வந்தேன். மணிக்கு அடுத்த மாதம் மறுபடி போட வேண்டும். அந்த ஊசியால்தான் இது வந்ததா? பஞ்சு பிழைத்துக்கொள்வாளா?

பதில்: முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பஞ்சு தேறிவர நல்ல வாய்ப்பு இருக்கிறது. சீழ் கோத்த கர்ப்பப்பையை வெளியே எடுத்து, அடுத்த இரண்டு நாளையும் கடந்து வீடு திரும்பிய பூனைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. பெரிய கண்டம் அது. அதில் பெரும்பகுதியை அவள் தாண்டிவிட்டாள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தக் கட்டியும் இல்லை, இரண்டு சொட்டும் இல்லை. இரண்டு ஸ்பூன்தான் சாப்பிட்டாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். இந்தப் பத்தியை முடித்ததும் ஆபரேஷன் செய்த மருத்துவருக்குப் போன் போடுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று நாள் பட்டினி, இப்போதும் சரியாகச் சாப்பிடவில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னால், ஒரு நாள்தானே, பார்க்கலாம் என்று பதில் வரக்கூடும். கணக்குப்படி பார்த்தால் அவள் வயிறாரச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகப் போகிறது.

இதில் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நாய் சில நாள் பட்டினியைத் தாங்கிவிடும். பூனையின் உடம்பு அப்படி இல்லை. சாப்பாடு நின்றுபோனால் உடம்பிலிருக்கும் கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போகிறது. வந்து குவிகிற வேகத்துக்கு ஈரலால் அதைச் செலவழிக்க முடிவதில்லை. கடைசியில் ஈரலிலேயே கொழுப்பு அடைத்துக்கொண்டு காமாலை வருகிறது. கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். ஒல்லியான பூனையும் தப்பிவிடும் என்று சொல்ல முடியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு பூனை இதைக் கற்றுக்கொடுத்தது. அதற்கும் இதே நோய், இதே ஆபரேஷன். மூன்றாம் நாள் கொண்டுவந்து காட்டினார்கள். தையல் கோடு போட்டதுபோல இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். என்ன சாப்பிடுகிறது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது காதின் உள்பக்கமும் ஈறும் மஞ்சளாக இருந்தன. கழுத்து வழியாகக் குழாய் வைத்து, வாரக்கணக்கில் உணவு கொடுத்துத்தான் அதை மீட்டோம். அன்றிலிருந்து ஆபரேஷன் ஆன பூனை உள்ளே வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, நேற்று எவ்வளவு சாப்பிட்டது என்பதுதான். தையலைப் பிறகு பார்க்கிறேன்.

சரி, அவள் ஏன் சாப்பிடவில்லை? பூனை சாப்பிடாமல் இருந்தால் பிடிவாதம் என்றோ, கோபம் என்றோ வீட்டில் சொல்வார்கள். இந்த நிலையில் அநேகமாகக் குமட்டல் இருக்கும், அல்லது வலி இருக்கும், அல்லது தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பு தட்டில் இடிக்கும். மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். தட்டை முகத்தருகே கொண்டுபோகும்போது என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாலோ, எச்சில் ஒழுகினாலோ, அடிக்கடி விழுங்குவதுபோல் செய்தாலோ குமட்டல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நுரையோடு துப்புவது பெரும்பாலும் கசப்பினால்தான். ஆனாலும் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குமட்டலை நிறுத்த நல்ல மருந்துகள் இருக்கின்றன. பசியைத் தூண்டுவதற்கு மிர்டாசபின் இருக்கிறது. அதை மாத்திரையாகவும் கொடுக்கலாம். காது மடலில் தடவும் களிம்பாகவும் வருகிறது. ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து அளவு மாறும் என்பதால், முடிவு அவரிடம்தான் இருக்க வேண்டும்.

குமட்டல் அடங்கிய பிறகு வீட்டில் உங்கள் வேலை தொடங்குகிறது. பூனை மூக்கால் சாப்பிடும் பிராணி, வாசனை வராத உணவு அதற்கு உணவே இல்லை. ஈரமான உணவை அவளுடைய உடம்புச் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு, இளஞ்சூடாக்கி ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள். விளிம்பில்லாத தட்டையான தட்டு நல்லது. பக்கத்திலேயே உட்கார்ந்து கூம்பைக் கழற்றிவிடுங்கள், சாப்பிட்டு முடித்ததும் மறுபடி மாட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் தொடவில்லை என்றால் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். நாலைந்து வகை உணவை ஒரே நேரத்தில் சுற்றிலும் பரப்பி வைத்தால் இருக்கிற குமட்டல் இன்னும் கூடும். அன்பினால் செய்வதுதான், ஆனால் பலன் தலைகீழாகப் போய்விடும்.

3.2 கிலோ எடையுள்ள பூனை ஓய்வாகப் படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 170 கலோரி வேண்டும். உங்கள் பூனை உணவுப் பாக்கெட்டின் மேல் கலோரி அச்சிட்டிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பூன் எவ்வளவு குறைவு என்று உடனே தெரிந்துவிடும். அதற்காக ஒரே நாளில் முழு அளவையும் திணிக்க வேண்டாம். பட்டினி கிடந்த உடம்பு அதையும் தாங்காது. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த நாள் பாதி, அப்புறம் முழு அளவு என்று ஏற்றுங்கள். எவ்வளவு வைத்தீர்கள், எவ்வளவு மிச்சம், எத்தனை முறை சிறுநீர் போனாள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது நாம் எல்லோருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறோம்.

சிரிஞ்சில் ஊட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவளே விருப்பப்பட்டு நக்கினால், கடைவாய்ப் பக்கமாக ஒரு மில்லி, ஒரு மில்லியாகக் கொடுக்கலாம். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவள் போராடினால் நிறுத்திவிடுங்கள். வற்புறுத்தி ஊட்டிய உணவை உடம்பு தேறிய பிறகும் வெறுக்கிற பூனைகள் உண்டு. வெங்காயம், பூண்டு சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்கான மசித்த உணவிலும் அவை தூளாகக் கலந்திருக்கலாம். இத்தனையும் செய்து இரண்டு நாளில் பாதி அளவுக்குக்கூட வரவில்லை என்றால், உணவுக் குழாய் வைக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். குழாய் என்றதும் கடைசிக் கட்டம் என்று பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அது இருந்தால் உணவும் தண்ணீரும் மருந்தும் சண்டையில்லாமல் உள்ளே போகும், பூனையும் சீக்கிரம் தேறும். குழாய் இருக்கும்போதே வாயாலும் சாப்பிடலாம். நான் தாமதமாக வைத்து வருத்தப்பட்டிருக்கிறேன், சீக்கிரம் வைத்து வருத்தப்பட்டதில்லை.

தண்ணீரும் முக்கியம். கிலோவுக்கு 50 மில்லி வீதம் இவளுக்கு ஒரு நாளைக்கு 160 மில்லி வேண்டும். ஈர உணவில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் நன்றாகச் சாப்பிடத் தொடங்கினால் இதுவும் பாதி தீர்ந்த மாதிரி. சீழின் நஞ்சு சிறுநீரகத்தையும் பாதிக்கும், ஆகவே சிறுநீர் போகிறாளா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போகவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். மலம் இரண்டு மூன்று நாள் வராமலிருப்பது சகஜம். உள்ளே ஒன்றும் போகாதபோது வெளியே என்ன வரும்?

கட்டிலுக்கடியில் ஒளிவது பற்றி. பூனை தன் வலியைக் காட்டிக்கொள்ளாது. குர்ர் என்று சத்தம் போடுகிறாளே, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள், வலியிலும் அந்தச் சத்தம் வரும். முகத்தைப் பாருங்கள். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறை ஒன்றை 2019-இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை என்று ஐந்தைப் பார்ப்பார்கள். காது இரண்டும் பக்கவாட்டில் விலகித் தட்டையாவது, கண்ணை இடுக்கிக்கொள்வது, மூக்கு வாய்ப் பகுதி இறுகுவது, மீசை விறைத்து முன்னால் நீள்வது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது எல்லாம் வலியின் அடையாளங்கள். பஞ்சு நன்றாக இருந்தபோது எடுத்த ஒரு போட்டோவையும் இன்று எடுத்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களைவிட அந்த முகத்தை அறிந்தவர் யாரும் இல்லை. வலி தெரிந்தால் மருத்துவரிடம் வலி மருந்தைப் பற்றிப் பேசுங்கள். மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்தைக் கொடுத்திருந்தால், அவள் சாப்பிடாமல் இருக்கும் இந்த நிலையில் அடுத்த வேளை கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வறண்ட உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நம் ஈரல் அதை உடைத்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் சரியாக வேலை செய்வதில்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிடுகிறது, ஈறு பழுப்பாகிறது. பாவம், வலிக்கிறதே என்று பாதி மாத்திரையைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆண்டிபயாட்டிக்கை அவள் துப்பினால் பாதியில் விட்டுவிடக் கூடாது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டாலும் ரத்தத்தில் கலந்த கிருமி இருக்கும். அதே மருந்து திரவமாக வருமா, அல்லது இரண்டு வாரம் வேலை செய்யும் ஊசி ஒன்று இருக்கிறதே, அது இவளுக்குச் சரிவருமா என்று கேளுங்கள். மாத்திரைதான் என்றால், கொடுத்தவுடன் மூன்று நான்கு மில்லி தண்ணீர் வாயோரமாக விடுங்கள். பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டு உள்ளே புண்ணாக்கிவிடும். அவளுடைய உணவில் மருந்தைப் பொடித்துக் கலக்க வேண்டாம். சாப்பிடுகிற கொஞ்ச நஞ்சத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பாள்.

இனி தையல். கீழே தட்டுப்படும் கட்டி, உள்தையல் நூலுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையாகவோ கொஞ்சம் நீர் கோத்ததாகவோ இருக்கலாம். சிறியதாக, கெட்டியாக, வலியில்லாமல் இருந்தால் சில வாரங்களில் தானே கரையும். காலையும் மாலையும் போட்டோ எடுத்து வையுங்கள். பெரிதானாலும், மெத்தென்று அழுந்தினாலும், சூடாக இருந்தாலும், சீழோ நாற்றமோ வந்தாலும் காட்டிவிட வேண்டும். மருத்துவர் கொடுத்ததைத் தவிர எதையும் தடவ வேண்டாம். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. அந்த அறையின் தரையைக்கூட அதனால் துடைக்காதீர்கள். கூம்பு அவளைப் படுத்துகிறது என்று மனசு இளகிக் கழற்றிவிடாதீர்கள். பூனை நாக்கிலிருக்கும் கொக்கி போன்ற முள்கள் சில நிமிடத்தில் தையலைப் பிரித்துவிடும். துணிக் கூம்பு அல்லது உடம்பு முழுக்க மூடும் சட்டை கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். 10 முதல் 14 நாள் வரை இது தேவை. அதுவரை ஏறிக் குதிக்க இடமில்லாத சின்ன அறையில் வைத்திருங்கள். கட்டிலுக்குப் பதிலாக ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் பார்க்க வசதி. மணல் தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த காகிதம் போடுங்கள், தூள் காயத்தில் ஒட்டாது.

இளஞ்சிவப்புச் சொட்டுகள் முதல் சில நாள் வரலாம். உள்ளே வெட்டிக் கட்டிய இடத்திலிருந்து கசிவதுதான். அளவு கூடினாலோ, சுத்த ரத்தமாக வந்தாலோ, கெட்ட நாற்றம் அடித்தாலோ உடனே காட்டுங்கள்.

இரவென்றும் பாராமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமைகளைச் சொல்லிவிடுகிறேன். ஈறு வெளுத்துப் போவது, காதும் பாதமும் சில்லென்று ஆவது, கூப்பிட்டால் தலை தூக்காமல் கிடப்பது, வயிறு மறுபடி உப்புவது, திரும்பத் திரும்ப வாந்தி, தையல் வாய் பிளப்பது, ஈறிலோ கண்ணிலோ மஞ்சள். தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள், நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டியே நின்றால் சொல்லுங்கள். உடம்புச் சூடு 38-லிருந்து 39.2 டிகிரி வரை இயல்பு. அதிகமானால் பயப்படுகிறோம், குறைந்தால் கவனிப்பதில்லை. இந்த நோயில் உடம்பு சில்லிட்டுப் போவது காய்ச்சலைவிட மோசமான செய்தி.

மணி சீறுவதற்குக் காரணம் வாசனை. ஆஸ்பத்திரி வாடையோடு வந்தவளைத் தன் தாய் என்று அவளால் அடையாளம் காண முடியவில்லை. சில நாள் தனித்தனியாக வைத்து, பஞ்சு படுத்த துணியை மணியின் இடத்திலும் மணியின் துணியைப் பஞ்சுவிடமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். திட்ட வேண்டாம், சேர்த்துப் பிடித்துச் சமாதானம் செய்ய வேண்டாம். தானாகச் சரியாகிவிடும்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊசி இந்த நோய்க்கு வழிவிட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. பருவத்தைத் தள்ளிப்போட வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது புரோஜெஸ்டிரானைப் போன்ற ஹார்மோன். கர்ப்பம் தரிக்கப் போகிறது என்று கர்ப்பப்பையை ஏமாற்றுகிறது அது. உள்சுவர் தடித்து நீர் சுரக்கிறது, தசை சுருங்காமல் ஓய்கிறது, வாய் மூடிக்கொள்கிறது, கிருமியை எதிர்க்கும் வலு அந்த இடத்தில் குறைகிறது. குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலை போன்ற கிருமி உள்ளே போய்விட்டால் அதற்கு வேறென்ன வேண்டும்? ஊசியே போடாத பூனைக்கும் பருவம் வந்துபோன சில வாரங்களில் இதே நோய் வருவதுண்டு. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. நீங்கள் அவளுக்கு நல்லது என்று சொல்லப்பட்டதை நம்பிச் செய்தீர்கள். போடும்போது இதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும், அது எங்கள் தரப்பின் கடமை. மூன்று நாள் தாமதித்ததைப் பற்றியும் உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள். வாய் மூடிய கர்ப்பப்பையில் சீழ் வெளியே தெரியாது, கசிந்தால்கூடப் பூனை நக்கிச் சுத்தம் செய்துவிடும். அனுபவமுள்ளவர்களே தவறவிடுகிற நோய் இது.

இரண்டு சினைப்பையும் முழுமையாக எடுக்கப்பட்டிருந்தால் பஞ்சுவுக்கு இது திரும்ப வராது. சினைப்பைத் துண்டு ஏதாவது உள்ளே தங்கியிருந்தால்தான் கர்ப்பப்பையின் மிச்சமிருக்கும் அடிப்பகுதியில் சீழ் பிடிக்கலாம். ஆகவே சில மாதம் கழித்து அவள் பருவத்துக்கு வந்தவள்போலக் கத்தி உருண்டால் அதை விட்டுவிடாமல் காட்டுங்கள். ஊசியில் இருந்த அந்த ஹார்மோனால் பால்சுரப்பிக் கட்டியும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. தையல் பிரிக்கப் போகும்போது எடை, ரத்தப் பரிசோதனையோடு சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அடிவயிற்றில் காம்புகளை ஒட்டி விரலால் தடவிப் பாருங்கள். பயறு அளவு கட்டி தட்டுப்பட்டாலும் காட்ட வேண்டும். பூனைக்கு அங்கே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். நன்றாகத் தேறிய பிறகு ஒரு சின்ன மாற்றம்: சினைப்பை எடுத்த பூனைக்குக் கால் பங்கு அளவு கலோரி குறைவாகப் போதும். ஆனால் அது இன்னும் ஒரு மாதம் கழித்து யோசிக்க வேண்டியது, இப்போது அவள் கேட்கும் அளவு கொடுங்கள்.

மணிக்கு அடுத்த மாதம் போட வேண்டிய ஊசியைப் போடாதீர்கள். பஞ்சுவுக்குத் தையல் பிரிக்கப் போகும் அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வருடம் அவளும் அதே ஊசியில் இருந்திருக்கிறாள், முதலில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கட்டும். எல்லாம் சரியாக இருந்தால் கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வாருங்கள். அதற்குள் அவள் சோர்ந்து படுத்தாலோ, ஒரு வேளை சாப்பாட்டைத் தொடாமல் போனாலோ, அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.